காற்றுக்கு ஓர் ஏரி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அம்மி பறந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இந்தப் பழமொழியின் பொருள் நன்றாகப் புரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சன்னலைத் திறந்து வைத்தால் காற்று முகத்தில் அறையும். முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றில்தான் சுழல்கின்றன.

அந்தப் பெரிய காற்றாலைகள் தாங்கள் ஆக்கும் மின்சாரத்தை உடனுக்குடன் மின்வாரியத்தின் கம்பிகளுக்கு அனுப்பி விடுகின்றன. எங்கோ ஓர் ஊரில் யாரோ அதைப் பயன்படுத்துகிறார்கள். சேமித்து வைக்கும் கவலை அவற்றுக்கு இல்லை.

ஆனால் வயல் நடுவே தனியாக இருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மின்கம்பி அங்கே வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு சிறிய காற்றாலையை நட்டிருக்கிறார். நள்ளிரவில் காற்று பலமாக வீசுகிறது. வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். மறுநாள் மாலை, நாளைய தேர்வுக்கு நீங்கள் படிக்க உட்காருகிறீர்கள். ஓர் இலைகூட அசையவில்லை! காற்று இருக்கும்போது தேவை இல்லை. தேவை இருக்கும்போது காற்று இல்லை. என்ன செய்வது?

இதே சிக்கல் மழைக்கும் உண்டு. மழை ஐப்பசியில் கொட்டுகிறது. பயிருக்குத் தண்ணீர் தை மாதத்திலும் வேண்டும். அதற்காக நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வரத்துக் கால்வாய். வேண்டும்போது வயலுக்குத் திறந்துவிட மதகு. ஏரி நிரம்பிய பிறகு மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடக் கலிங்கு. கலிங்கு இல்லாத ஏரி ஒரு பெருமழைக்குத் தாங்காது, கரை உடைந்துவிடும்.

வீட்டுக் காற்றாலையின் அமைப்பும் இப்படித்தான். பேட்டரி ஏரி, இன்வெர்ட்டர் மதகு. இந்த இரண்டையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். கலிங்கை மறந்துவிடுவார்கள். காற்றாலைக்கும் ஒரு கலிங்கு வேண்டும். அது ஏன், எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

முதல் விளக்கு

இது புதிய எண்ணம் அன்று. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் 1887ஆம் ஆண்டு ஜூலையில் மேரிகிர்க் என்னும் சிற்றூரில் இருந்த தம் விடுமுறை இல்லத்தில் துணிப் பாய்கள் கட்டிய காற்றாலை ஒன்றை அமைத்தார். அதில் கிடைத்த மின்சாரத்தைப் பேட்டரிகளில் சேமித்து வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெரு விளக்குகளுக்குத் தருவதாகவும் சொன்னார். ஊர் மக்கள் மறுத்துவிட்டார்கள். மின்சார வெளிச்சத்தை அவர்கள் சாத்தானின் வேலை என்று எண்ணினார்களாம்!

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் 17 மீட்டர் விட்டமும் 144 மர இறக்கைகளும் கொண்ட பெரிய காற்றாலையைத் தம் வீட்டுத் தோட்டத்தில் இயக்கினார். அவர் வீட்டு நிலவறையில் 408 மின்கலங்கள் இருந்தன. அந்த அமைப்பு ஏறக்குறைய 20 ஆண்டுகள் வேலை செய்தது. 1930களில் மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணை வீடுகள் பலவற்றில் 32 வோல்ட் காற்றாலைகள் சுழன்றன. அன்று இன்வெர்ட்டர் கிடையாது. ஆகவே 32 வோல்ட்டில் இயங்கும் விளக்கு, வானொலி, இஸ்திரிப் பெட்டி என்று தனிக் கருவிகளையே செய்து விற்றார்கள்.

காற்றில் எவ்வளவு ஆற்றல்?

காற்றுக்கும் நிறை உண்டு. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம். நிறையுள்ள பொருள் ஓடினால் அதற்கு இயக்க ஆற்றல் உண்டு என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதிலிருந்து கிடைக்கும் வாய்பாடு இது:

திறன் = ½ × காற்றின் அடர்த்தி × இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு × (வேகம்)³

வேகத்துக்கு மூன்றாம் படி வந்திருப்பதைக் கவனியுங்கள். எல்லாத் தொல்லைக்கும் அதுவே காரணம்.

2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை எடுத்துக் கொள்வோம். வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். காற்று வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசினால் அதன் திறன் ½ × 1.2 × 3.14 × 64, அதாவது சுமார் 120 வாட். இது முழுவதும் நமக்குக் கிடைக்காது. எவ்வளவு திறமையாகச் செய்த காற்றாலையும் காற்றின் திறனில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இல் காட்டினார். இறக்கை, ஜெனரேட்டர், கம்பி எல்லாவற்றின் இழப்பும் போக வீட்டுக் காற்றாலையில் கால் பங்கு கிடைத்தால் நல்லது. அந்தக் கணக்கில்:

வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் - 30 வாட்
வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் - 240 வாட்
வினாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் - 1,930 வாட்

வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்காகிறது. மாலையில் ஒரு மின்விசிறியைக்கூட ஓட்ட முடியாத அதே காற்றாலை, இரவில் புயல் அடித்தால் 1,930 வாட் தர முயலும். அதன் ஜெனரேட்டர் அதைத் தாங்காது, கருகிவிடும். ஆகவே காற்று மிகும்போது இறக்கைகள் தாமாகவே காற்றின் திசையிலிருந்து ஒதுங்கிக் கொள்ளும்படி வால் பகுதியை அமைக்கிறார்கள். நம் காற்றாலை எந்தக் காற்றிலும் 400 வாட்டுக்கு மேல் தராதபடி அமைக்கப்பட்டிருப்பதாக வைத்துக் கொள்வோம்.

வரத்துக் கால்வாய்: ஜெனரேட்டரும் மின்திருத்தியும்

வீட்டுக் காற்றாலைகளில் பெரும்பாலும் நிலைக்காந்த ஜெனரேட்டர்தான் இருக்கும். இறக்கைகளோடு காந்தங்கள் சுழல்கின்றன; அவற்றின் அருகே கம்பிச் சுருள்கள் நிலையாக இருக்கின்றன. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. சுருள்கள் மூன்று தொகுதிகளாக இருப்பதால் மூன்று கம்பிகளில் மும்முனை மாறுதிசை மின்னோட்டம் வெளிவருகிறது.

இதை நேரே விளக்குக்குக் கொடுத்தால் என்ன? இறக்கையின் வேகம் மாற மாற மின்னழுத்தமும் மாறும், அதிர்வெண்ணும் மாறும். விளக்கு ஒரு நேரம் மங்கி எரியும். ஒரு நேரம் சுட்டுப் போகும். பேட்டரிக்குக் கொடுக்கலாமா என்றால், அதற்கு வேண்டியது நேர்திசை மின்னோட்டம். எனவே இடையில் மின்திருத்தி ஒன்று வேண்டும்.

மின்திருத்தியில் 6 டையோடுகள் உள்ளன. டையோடு ஒரு வழிக் கதவு போன்றது. மின்னோட்டத்தை ஒரே திசையில்தான் விடும். மின்னோட்டம் ஒவ்வொரு கணமும் இரண்டு டையோடுகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 0.7 வோல்ட் இழப்பு. ஆகவே 24 வோல்ட் பேட்டரியில் மின்சாரம் ஏற வேண்டுமானால் ஜெனரேட்டர் அதற்கு மேலும் 1.4 வோல்ட் தர வேண்டும். இறக்கைகள் மெல்லச் சுழன்றாலும் பேட்டரியில் ஒன்றும் ஏறாமல் இருப்பதன் காரணம் இதுவே. காற்று நின்றபிறகு பேட்டரியின் மின்சாரம் ஜெனரேட்டருக்குத் திரும்பி ஓடிவிடாமல் காப்பதும் இந்த டையோடுகளே.

ஏரி: பேட்டரி

காரீய-அமிலப் பேட்டரியைப் பிரெஞ்சு நாட்டவரான பிளாண்டே 1859இல் உருவாக்கினார். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரோடு இருப்பது பெரும்பாலும் அதன் வழித்தோன்றலே. நேர்த்தகட்டில் காரீய டை-ஆக்சைடு, எதிர்த்தகட்டில் காரீயம், இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்ஃபேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்சாரத்தை ஏற்றும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஒரு மின்கலம் சுமார் 2 வோல்ட். ஆறு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் பேட்டரி.

எவ்வளவு பெரிய ஏரி வேண்டும்? முதலில் வீட்டின் ஒரு நாள் தேவையைக் கணக்கிடுவோம்.

எல்.இ.டி. விளக்கு 4: 9 வாட் × 4 × 5 மணி = 180 வாட்-மணி
மின்விசிறி 1: 70 வாட் × 8 மணி = 560 வாட்-மணி
சிறிய தொலைக்காட்சி: 50 வாட் × 3 மணி = 150 வாட்-மணி
கைப்பேசிக்கு மின்னேற்ற = 10 வாட்-மணி
மொத்தம் = 900 வாட்-மணி

இன்வெர்ட்டர் தான் வாங்குவதில் 85 சதவீதத்தைத்தான் திருப்பித் தருகிறது என்று கொள்வோம். அப்படியானால் பேட்டரியிலிருந்து 900 ÷ 0.85, அதாவது சுமார் 1,060 வாட்-மணி எடுக்க வேண்டும். 24 வோல்ட்டால் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 44 ஆம்பியர்-மணி. இரண்டு நாள் காற்றே இல்லாவிட்டாலும் சமாளிக்க 88 ஆம்பியர்-மணி. காரீயப் பேட்டரியை அடிவரை காலி செய்தால் தகடுகள் விரைவில் கெடும். பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. ஆகவே 88 × 2 = 176 ஆம்பியர்-மணி. கடையில் கிடைக்கும் 180 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கித் தொடராக இணைத்தால் போதும். தொடர் இணைப்பில் வோல்ட் கூடும். ஆம்பியர்-மணி அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் வாங்கியவையாக இருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் இணைத்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

இவ்வளவு மின்சாரத்தை நம் காற்றாலை தருமா? பேட்டரியில் ஏற்றும்போதும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டால் நாள் ஒன்றுக்கு சுமார் 1,325 வாட்-மணி வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சராசரி 55 வாட். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இடைவிடாமல் வீசினால் 59 வாட் கிடைக்கும். 4 மீட்டர் வேகத்தில் 30 வாட்தான். ஆகவே காற்றாலை வாங்குவதற்கு முன் காற்றை அளக்க வேண்டும். தென்னை மரங்களுக்கும் மாடி வீடுகளுக்கும் நடுவே நட்ட காற்றாலை அழகுக்குத்தான் உதவும். கணவாய், கடற்கரை, திறந்த மேட்டுநிலம் ஆகிய இடங்களில் உயரமான கம்பத்தில் நட்டால்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

ஏன் 24 வோல்ட்?

12 வோல்ட் பேட்டரி ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். கம்பியைப் பாருங்கள். காற்றாலைக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் 30 மீட்டர் தூரம் என்று கொள்வோம். மின்திருத்தியைக் கம்பத்தின் அடியில் வைத்து, அங்கிருந்து இரண்டு கம்பிகளில் நேர்திசை மின்னோட்டத்தைக் கொண்டு வருகிறோம். போக 30, வர 30, ஆக 60 மீட்டர் கம்பி. 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியானால் அதன் மின்தடை சுமார் 0.17 ஓம். 240 வாட்டைக் கொண்டுவர 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் தேவை. 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் = (மின்னோட்டம்)² × மின்தடை. முதலாவதில் 68 வாட் வீணாகிறது. இரண்டாவதில் 17 வாட்தான். மின்னழுத்தத்தை இரட்டித்தால் இழப்பு கால் பங்காகிறது. தொலைதூர மின்கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்வதும் இதே காரணத்தால்தான்.

கலிங்கு: மிஞ்சிய மின்சாரத்துக்கு ஒரு வழி

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம்.

பேட்டரி நிரம்பிவிட்டது. காற்று இன்னும் வீசுகிறது. என்ன செய்யலாம்? ஸ்விட்சைப் போட்டுக் காற்றாலையைத் துண்டித்துவிடலாம் என்று தோன்றும். அதுதான் பெரிய தவறு.

காற்றாலை மின்சாரம் தரும்போது சுருள்களில் பாயும் மின்னோட்டம் காந்தங்களைப் பின்னுக்கு இழுக்கிறது. தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய இயக்கத்தை எதிர்க்கும் என்ற லென்ஸ் விதி உங்களுக்குத் தெரியும். அந்த எதிர்ப்புதான் இறக்கைகளுக்குக் கடிவாளம். கம்பியைத் துண்டித்தால் மின்னோட்டம் இல்லை; கடிவாளமும் இல்லை. இறக்கைகள் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கும். மின்னழுத்தம் பல மடங்கு ஏறும். ஊளையிடும் ஒலி கேட்கும். இறக்கை ஒன்று பிய்ந்து பறந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

துண்டிக்காமல் விட்டுவிட்டால்? நிரம்பிய பேட்டரியில் மேலும் மேலும் மின்சாரம் ஏறும். அமிலத்திலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிகளாக வெளியேறும். நீர் வற்றித் தகடுகள் வெளியே தெரியும். பேட்டரி சூடேறிக் கெடும். ஹைட்ரஜன் தேங்கிய அறையில் ஒரு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும்.

இரண்டும் கூடாது என்றால் வழி ஒன்றுதான். மிஞ்சிய மின்சாரத்தை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். இதைச் செய்யும் கருவிக்குச் சார்ஜ் கன்ட்ரோலர் என்று பெயர். அது பேட்டரியின் மின்னழுத்தத்தை எப்போதும் கண்காணிக்கிறது. 24 வோல்ட் அமைப்பில் சுமார் 28.8 வோல்ட் வந்ததும் தடிமனான மின்தடைக் கம்பிச் சுருள் ஒன்றைப் பேட்டரிக்குக் குறுக்கே இணைத்துவிடுகிறது. மிஞ்சும் மின்சாரம் அந்தச் சுருளில் வெப்பமாகிறது. தண்ணீரைச் சுட வைக்கவும் அதைப் பயன்படுத்திக் கொள்ளலாம். காற்றாலையின் மேல் இருந்த சுமை ஒரு கணமும் நீங்குவதில்லை.

சுருளின் மின்தடை எவ்வளவு இருக்க வேண்டும்? காற்றாலையின் உச்சத் திறனான 400 வாட் முழுவதையும் அது தனியே ஏற்க வேண்டும். 28.8 × 28.8 ÷ 400 = சுமார் 2 ஓம். இதைவிடச் சிறிய கலிங்கு வைத்தால் வெள்ளம் கரைமேல் ஏறிவிடும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். சூரிய மின்தகடுக்குச் செய்த கன்ட்ரோலரை இதற்கும் போடலாமா? பேட்டரி நிரம்பியதும் தகட்டைத் துண்டித்துவிடும் வகை அவற்றில் உண்டு. தகட்டுக்கு அதனால் தீங்கில்லை. காற்றாலைக்கு அது ஆபத்து. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

மதகு: இன்வெர்ட்டர்

பேட்டரியில் இருப்பது 24 வோல்ட் நேர்திசை மின்சாரம். வீட்டுக் கருவிகள் கேட்பது 230 வோல்ட், வினாடிக்கு 50 சுற்று மாறுதிசை மின்சாரம். இன்வெர்ட்டரில் உள்ள டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தின் திசையை வினாடிக்கு 100 முறை மாற்றுகின்றன. மின்மாற்றி அதன் அழுத்தத்தை உயர்த்துகிறது. எளிய இன்வெர்ட்டர்களில் சதுர அலை வெளிவரும். விசிறி அதில் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டர் மின்வாரியத்தின் மின்சாரத்தைப் போன்றே தரும்.

230 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் பேட்டரியிலிருந்து சுமார் 11 ஆம்பியர் போகிறது. எனவே பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எந்தக் கருவியும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக் கொள்ளும். அது 10 வாட் என்றால் நாள் முழுவதும் 240 வாட்-மணி. நம் தேவையில் கால் பங்குக்கு மேல்! மதகில் கசிவு இருந்தால் ஏரி தானே வற்றும். வேலை இல்லாதபோது இன்வெர்ட்டரை நிறுத்தி வைப்பதே சிக்கனம்.

இணைக்கும் வரிசை

எல்லாம் தயார். எதை முதலில் இணைப்பது? கலிங்கைக் கட்டாமல் ஆற்றைத் திருப்பக் கூடாது என்பதை நினைவில் வைத்தால் வரிசை தானே வரும்.

1. காற்றாலையின் தடுப்பு ஸ்விட்சைப் போடுங்கள். இது ஜெனரேட்டரின் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று குறுக்கிணைத்துவிடும். அப்போது சுருள்களில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து இறக்கைகளை நிறுத்தும். காற்று குறைவாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

2. முதல் பேட்டரியின் எதிர்முனையை இரண்டாவதன் நேர்முனையோடு இணைத்தால் மீதி இரு முனைகளில் 24 வோல்ட் கிடைக்கும். வோல்ட்மீட்டரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

3. கன்ட்ரோலரோடு மின்தடைச் சுருளை இணைத்து, பிறகு கன்ட்ரோலரைப் பேட்டரியோடு இணைக்க வேண்டும்.

4. இன்வெர்ட்டரை நிறுத்திய நிலையில், அதற்குரிய ஃபியூஸ் வழியாகப் பேட்டரி முனைகளில் இணைக்க வேண்டும்.

5. மின்திருத்தியின் நேர்முனையைத் தனி ஃபியூஸ் வழியாகப் பேட்டரியின் நேர்முனையோடும், எதிர்முனையை எதிர்முனையோடும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் டையோடுகள் நொடியில் கருகும்.

6. கடைசியாகத்தான் தடுப்பு ஸ்விட்சை விடுவிக்க வேண்டும்.

கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக: முதலில் தடுப்பு, கடைசியில் பேட்டரி.

காற்றாலைக் கம்பியும் இன்வெர்ட்டர் கம்பியும் பேட்டரி முனைகளில் தனித்தனியே வந்து சேருவதைக் கவனித்தீர்களா? ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது பேட்டரிதான். பேட்டரி நடுவில் இல்லாமல் காற்றாலையும் இன்வெர்ட்டரும் நேரே தொட்டுக்கொண்டால் இன்வெர்ட்டர் அந்தக் கணமே பாழ்.

ஃபியூசிலும் ஒரு சங்கடம் உண்டு. காற்றாலைக் கம்பியிலுள்ள ஃபியூஸ் எரிந்தால் காற்றாலை சுமையை இழந்துவிடும். ஆகவே உச்ச மின்னோட்டத்தைவிடத் தாராளமான அளவுள்ள ஃபியூசைப் போட்டு, ஒதுங்கும் வாலையும் தடுப்பு ஸ்விட்சையும் சரியாக வைத்திருக்க வேண்டும். ஃபியூஸ் நேர்திசை மின்னோட்டத்துக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி அணைந்துவிடும். நேர்திசையில் அது எரிந்துகொண்டே இருக்கும்.

உயிர் காக்கும் விதிகள்

24 வோல்ட் உங்களைத் தூக்கி எறியாது. ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து அது பழுக்கக் காயும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எதையும் அணிந்து பேட்டரியில் கை வைக்கக் கூடாது. பேட்டரி அறையில் காற்றோட்டம் வேண்டும். விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. அமிலம் குறைந்தால் ஊற்ற வேண்டியது வாலைவடிநீர் மட்டுமே. கம்பத்துக்கு நல்ல நிலத்தொடர்பு வேண்டும். இடியையும் அது எதிர்நோக்கி நிற்கிறதல்லவா?

இன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது 230 வோல்ட். அது உயிரைக் குடிக்கும். வீட்டில் மின்வாரிய இணைப்பும் இருந்தால், இரண்டில் ஒன்று மட்டுமே வீட்டுக்கு வரும்படி மாற்று ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இன்வெர்ட்டரின் கம்பியை வீட்டுப் பிளக்கில் செருகினால் என்ன ஆகும்? மின்சாரம் மீட்டர் வழியே வெளியே போய்த் தெருக் கம்பிகளில் ஏறும். தெருமுனை மின்மாற்றி அதைப் பின்பக்கமாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒருவர் அப்போது கம்பத்தின் உச்சியில் வேலை செய்து கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் ஒரு விளக்கு எரிவதற்கு அவர் வீட்டு விளக்கு அணையக் கூடாது.

ஆகவே இந்த இணைப்புகளை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். நீங்கள் அருகில் நின்று பாருங்கள், கேளுங்கள். "கலிங்கு எங்கே அண்ணா?" என்று கேட்க மறக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

பள்ளி ரோபோ வேலைகளுக்கென்று கடைகளில் கிடைக்கும், பற்சக்கரப் பெட்டியுடன் கூடிய சிறிய நேர்திசை மோட்டார் ஒன்றும், சிவப்பு எல்.இ.டி. ஒன்றும் வாங்குங்கள். பேட்டரி வேண்டாம்.

மோட்டாரின் இரு கம்பிகளையும் எதையும் தொடாமல் விட்டு அச்சைக் கையால் சுழற்றுங்கள். எளிதாகச் சுழலும். பிறகு எல்.இ.டி.யை இணைத்து வேகமாகச் சுழற்றுங்கள். ஒரு திசையில் சுழற்றும்போது எரியும். மறு திசையில் எரியாது. எல்.இ.டி.யும் ஒரு டையோடு அல்லவா? இறுதியாக, எல்.இ.டி.யை நீக்கி இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுச் சுழற்றுங்கள். யாரோ பிடித்து இழுப்பது போல் அச்சு இறுகும். முதல் நிலை, சுமை இழந்த காற்றாலை. மூன்றாம் நிலை, தடுப்பு ஸ்விட்ச். லென்ஸ் விதி உங்கள் விரல்களிலேயே தெரிகிறது!

சிந்தியுங்கள்

1. நாம் கணக்கிட்ட வீட்டில் 70 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி போட்டால் எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி போதும்?

2. காற்றின் வேகம் வினாடிக்கு 4 மீட்டரிலிருந்து 6 மீட்டராக உயர்ந்தால் 30 வாட் எவ்வளவாகும்?

3. சூரிய மின்தகட்டை வெயிலில் துண்டித்து வைக்கலாம். காற்றாலையைக் காற்றில் துண்டித்து வைக்கக் கூடாது. ஏன்?

விடைகள்: 1. ஒரு நாள் தேவை 580 வாட்-மணியாகக் குறையும். சுமார் 114 ஆம்பியர்-மணி போதும். 2. வேகம் 1.5 மடங்கு, திறன் 3.375 மடங்கு, சுமார் 101 வாட். 3. தகட்டில் சுழலும் பகுதி இல்லை. எடுக்காத ஆற்றல் தகட்டைச் சற்றே சூடாக்குவதோடு நின்றுவிடும். காற்றாலையில் எடுக்காத ஆற்றல் இறக்கைகளின் வேகமாகச் சேரும்.